மூன்று பச்சைக் கட்டங்கள்

துணிப் பையைக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு அவள் பேசாமல் நின்றாள். எங்கள் லாண்டரிக்கு வருகிறவர்கள் அப்படி நிற்பதில்லை. பையை இறக்கும்போதே 'சாயங்காலம் கிடைச்சிடுமா' என்று கேட்டுவிட்டுப் பாதிப் படி இறங்கியிருப்பார்கள். கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஸ்டீம் இஸ்திரிப் பெட்டி சூடேறவில்லை. நான் வழக்கம்போல மேலாகக் கிடந்த துணியை எடுத்து விரித்தேன். நீலக் கோடு போட்ட துண்டு. ஒரு ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. அதை அவ்வளவு பக்கத்தில் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. ஆனால் ஐந்து மாதமாக அநேகமாகத் தினமும் அதை நான் பார்த்திருக்கிறேன், கீழே வாசல் கேட்டில் நின்று, அண்ணாந்து.

"அப்பாவோட துணிங்க," என்றாள். "துவைச்சு, தேவைப்படுறவங்க யாருக்காவது குடுத்துடுங்கக்கா. எனக்கு இங்க வேற யாரையும் தெரியாது."

மூன்று நாளைக்கு முன்னால் அவள் விமான நிலையத்திலிருந்து நேராக எங்கள் சி பிளாக் வாசலில் வந்து இறங்கியதைப் பார்த்தேன். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு நான்கு மாடியும் படியில் ஓடினாள். லிஃப்ட் சரியாகிவிட்டது என்று அவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

துண்டை மடிக்கப் பார்த்தேன். இருபது வருஷமாகத் துணி மடிக்கிற கை, மடிக்க மாட்டேன் என்றது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் நான்கு பிளாக். அவற்றில் தனியாக வசிக்கிறவர்கள் முப்பத்தெட்டுப் பேர். ஏ பிளாக்கில் இரண்டாம் மாடி வீட்டுக்கு மருமகளாக வந்த ஒரு பெண் இருக்கிறாள், எங்கள் எல்லோருக்குமே அவள் 'மருமகள்'தான். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், வந்த புதிதில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். போன வருஷம் அவளுடைய அம்மா வேறொரு ஊரில் குளியலறையில் வழுக்கி விழுந்து ஒன்றரை நாள் அப்படியே கிடந்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒன்றரை நாளும் தான் இங்கே சிரித்துப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறோமே என்பது மருமகளைப் பிடித்து ஆட்டிவிட்டது. ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி ஆள் சேர்த்தாள். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பேசத் தெரியும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

தாள் என்றால் காகிதம் இல்லை. எல்லோருடைய போனிலும் ஒரே நேரத்தில் தெரிகிற, கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு பக்கம். தனியாக இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். காலை ஒன்பது மணிக்குள் அவரவர் தங்கள் போனில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். கட்டம் பச்சையாகிவிடும். ஒன்பது மணிக்கும் வெள்ளையாக இருந்தால் அந்த பிளாக்கின் பொறுப்பாளர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். போன் இல்லாதவர்கள், அழுத்தத் தெரியாதவர்கள் வீட்டுக்குப் பொறுப்பாளரே போய் ஆளைப் பார்த்துவிட்டு, தன் போனிலிருந்து அழுத்தலாம். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளும் தாளைத் திறந்து பார்க்கலாம். பார்க்க மட்டும்தான், மாற்ற முடியாது. இதையெல்லாம் மீட்டர் அறைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து நாங்கள் பத்துப் பேர் பேசி முடிவு செய்தோம். சி பிளாக்குக்கு நான் பொறுப்பாளர். தாளின் தலையில் சிவப்பில் ஒரு வரி எழுதிவைத்தாள் மருமகள்: முகத்தைப் பார்த்த பிறகே அழுத்தவும்.

யார் அழுத்தினார்கள் என்பதும் பதிவாக வேண்டும் என்று அன்று அவள் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. "நாம என்ன போலீஸ் ஸ்டேஷனா நடத்துறோம்? செய்யறவங்க மேல நம்பிக்கை இல்லன்னா எதுக்கும்மா கூப்பிட்டே?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தாள். எத்தனை மணிக்கு அழுத்தியது என்பது மட்டும் பதிவாகட்டும் என்று முடிவானது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

தாள் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் மாதம், பி பிளாக்கில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற நர்சம்மாவின் கட்டம் ஒன்பது மணிக்கு வெள்ளையாக இருந்தது. கதவை உடைத்தபோது சர்க்கரை இறங்கி நினைவில்லாமல் கிடந்தார். இன்னும் அரை மணி போயிருந்தால் அவ்வளவுதான் என்றார்கள் ஆஸ்பத்திரியில். பக்கத்துக் குடியிருப்பு இரண்டிலிருந்து வந்து கேட்டு, எங்கள் தாளை அப்படியே வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. துணியில் டோக்கன் குத்துகிறவள் நான். என் போனைத் திறந்தால் முப்பத்தெட்டு உயிர் வரிசையாகத் தெரியும் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

சி பிளாக் நாலாம் மாடியில் இருந்தார் லிஃப்ட்காரர். நாற்பது வருஷம் லிஃப்ட் மாட்டியும் பழுது பார்த்தும் ஓய்ந்தவர். மனைவி போய்விட்டார், ஒரே மகள் கடல் தாண்டி இருந்தாள். போன் விஷயத்தில் அவர் எனக்குச் சொல்லித்தருவார், எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் பட்டனை மட்டும் அழுத்த மாட்டார். தினமும் ஒன்பதைத் தாண்டி வெள்ளை. கடையை விட்டு நான் ஓடி வர வேண்டும். இரண்டாவது தட்டுக்கு முன்பே கதவு திறந்துவிடும். அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் இரண்டு கோப்பை.

"ஏன் ஐயா, ஒரு தடவை அழுத்தினா விரல் தேஞ்சா போயிடும்?"

"அழுத்திட்டா நீ வரமாட்டியே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். கடைக்குத் திரும்ப நேரமாகிவிட்டது என்கிற பதற்றத்தில் நின்றபடியே தேநீரைக் குடித்தேன். அன்றைக்கு அவர் ஒன்று சொன்னார். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் முதல்ல என்ன பண்ணுவான் தெரியுமா? இருக்கிற பட்டனையெல்லாம் அழுத்துவான். அதால ஒண்ணும் ஆகாதும்மா. அவனுக்கு வேண்டியது வெளிய இருந்து ஒரு குரல். 'நான் இங்கதான் இருக்கேன், பயப்படாதே'ன்னு ஒருத்தன் சொல்லிட்டாப் போதும், ரெண்டு மணி நேரம்கூடப் பேசாம உக்காந்திருப்பான். நான் போனதும் ஸ்பானரை எடுக்க மாட்டேன், முதல்ல குரல்தான் குடுப்பேன்." கேட்டுக்கொண்டே கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன். சுவாரஸ்யமான மனிதர் என்று தோன்றியது, அதோடு சரி.

ஐந்து மாதத்துக்கு முன்னால் எங்கள் பிளாக் லிஃப்ட் நின்றது. ஏதோ ஒரு பாகம் வர வேண்டும் என்றது கம்பெனி, அதை யார் வாங்கித்தருவது என்று சங்கத்துக்கும் கம்பெனிக்கும் இழுபறி. "திறந்து விடச் சொல்லு, நான் பாத்துடறேன்," என்றார் லிஃப்ட்காரர். கம்பெனி போட்ட பூட்டை யாரும் தொடக் கூடாதாம். தன் வாழ்நாளெல்லாம் லிஃப்ட் பார்த்த மனிதர், லிஃப்ட் இல்லாமல் நாலாம் மாடியில் தங்கிப்போனார். கீழே இறங்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். முதல் வாரம் தினமும் ஏறினேன். இரண்டாம் வாரம் முட்டி பிடித்துக்கொண்டது. கடை முதலாளி வேறு, தாமதமாகத் திரும்பினால் வாயால் பேச மாட்டார், கடிகாரத்தைப் பார்ப்பார். அதற்கு நாலு திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அப்போதுதான் துண்டு என் கண்ணில் பட்டது. லிஃப்ட்காரர் காலை ஏழு மணிக்குக் குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்து பால்கனிக் கம்பியில் போடுவார், சாயங்காலம் எடுப்பார். எட்டேகாலுக்கு நான் கேட்டைத் தாண்டும்போது துண்டு தொங்கினால் மனிதர் எழுந்துவிட்டார், குளித்துவிட்டார் என்று அர்த்தம். முகத்தைப் பார்த்தால் என்ன, துண்டைப் பார்த்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடந்துகொண்டே போனை எடுத்து அவருடைய கட்டத்தை அழுத்தினேன், பச்சை. ஒரு நாள் செய்தது பழக்கமாகிவிட்டது.

தான் அழுத்தாமலேயே தன் கட்டம் பச்சையாவதை அவர் பார்க்காமல் இருந்திருப்பாரா? பார்த்திருக்கிறார். ஒரு நாள் காலையில் பால்கனியில் நின்று என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நானும் கையைக் காட்டிவிட்டு வேகமாக நடந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனிதர். மறுநாளிலிருந்து துண்டைக் கம்பிக்கு வெளிப்பக்கம் போட ஆரம்பித்தார், கீழே இருந்து எனக்கு நன்றாகத் தெரியும்படி.

நடுவில் ஒரு தடவை என் அக்காவுக்கு ஆபரேஷன் என்று மூன்று நாள் ஊருக்குப் போனேன். யாரிடமும் பொறுப்பை மாற்றிக்கொடுக்கவில்லை. போன இடத்தில் தாளின் நினைப்பே வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் திடீரென்று ஞாபகம் வந்து போனைத் திறந்தேன். லிஃப்ட்காரர் வரிசையில் மூன்று நாளும் பச்சை. அவரேதான் அழுத்தியிருக்கிறார். மூச்சு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. அழுத்த முடிகிற ஆள்தானே, பிறகு எதற்கு இத்தனை நாள் என்னை மாடி ஏறவிட்டார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த உறுத்தலும் போய்விட்டது.

போன வாரம் புதன்கிழமை. எட்டேகால். அண்ணாந்து பார்த்தேன், துண்டு இருந்தது. காற்று அடித்துக்கொண்டிருந்தது. துண்டு படபடவென்று பறந்து கம்பியில் சுற்றிக்கொண்டு, மறுபடி பிரிந்து பறந்தது. நனைந்த துணி அப்படிப் பறக்காது. ஒரு மணி நேரத்துக்கு முன் பிழிந்து போட்ட துண்டு கனமாக, நேராகத் தொங்கும், காற்றுக்கு ஓரம் மட்டும் அசையும். இது உலகத்தில் யாருக்குத் தெரியாமல் போனாலும் எனக்குத் தெரியும். தூரத்தில் கொடியில் கிடக்கிற துணியைப் பார்த்தே இன்னும் எத்தனை நேரத்தில் காயும் என்று சொல்கிறவள் நான். அது முந்தின நாள் துண்டு. முந்தின நாள் சாயங்காலம் எடுக்கப்படாத துண்டு. என் கண் பார்த்தது. விரல் அழுத்தியது. வியாழக்கிழமையும் அழுத்தியது.

வியாழன் மத்தியானம் லிஃப்ட் சரியானது. அதைச் சரிசெய்த மெக்கானிக் லிஃப்ட்காரரிடம் தொழில் பழகியவராம். அண்ணனிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று அந்த லிஃப்டிலேயே நாலாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

விழுந்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்றார் டாக்டர். பால்கனிக் கதவுக்கு இரண்டடி தள்ளி. உயிர் எப்போது போனது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. புதன் பகல்வரைகூட இருந்திருக்கலாம் என்றார். இருந்திருக்கலாம் என்கிற அந்த ஒரு வார்த்தை என்னோடு கடைக்கு வருகிறது, சாப்பிட உட்கார்ந்தால் எதிரே உட்காருகிறது. லிஃப்ட்காரர் தரையில் கிடந்தபடி, கீழே கேட் திறக்கிற சத்தத்தைக் கேட்டிருப்பாரா? எட்டேகாலுக்கு வருவேன், பார்ப்பேன் என்று காத்திருந்திருப்பாரா? நான் வந்தேன், பார்த்தேன், பச்சை போட்டுவிட்டுப் போனேன்.

அன்று சாயங்காலமே மீட்டர் அறைப் பக்கம் கூடினோம். செவ்வாய் சாயங்காலம் விழுந்தவர் புதனும் வியாழனும் எப்படி அழுத்தியிருக்க முடியும்? மருமகளின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "என்னோட தப்புதான்," என்றாள். "முந்தின நாள் பச்சை, நேரத்தோட சேர்ந்து, அடுத்த நாளுக்குத் தானா ஒட்டிக்குதுன்னு நினைக்கிறேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, எல்லாரையும் கேட்டுட்டேன், அதனால கேக்கறேன். புதன்கிழமை நீங்க அழுத்தலையே?"

"நான் எங்கம்மா அழுத்தினேன்? மேல போகவே இல்லையே," என்றேன்.

மேலே போகவில்லை என்பது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பிவிட்டாள். பிறகு மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். இல்லாத தப்பை எங்கே போய்க் கண்டுபிடிப்பது? ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட்டாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "கண்டுபிடிக்க முடியல. இதை நம்பி இனிமே யாரும் இருக்கக் கூடாது. இந்த வாரத்தோட நிறுத்திடறேன். பக்கத்துல ரெண்டு இடத்துலயும் சொல்லிட்டேன்."  நர்சம்மா மெதுவாகச் சொன்னார்: "அப்போ நான் பழையபடி கதவைத் தாழ் போடாமத்தான் படுக்கணும்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில்தான் இந்தப் பை, இந்தத் துண்டு, இந்தப் பெண்.

"டோக்கன் ஏதாவது தருவீங்களா?" என்று கேட்டாள். பிறகு அவளாகவே, "எதுக்கு, திரும்பி வாங்கவா போறேன்," என்று சொல்லி லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே லிஃப்ட்காரருடையது. "கம்ப்யூட்டர் பாக்கறவங்க நேத்து வீட்டுக்கு வந்து அழுதாங்க. அவங்களை என்ன சொல்றது? நானும்தான் அதை நம்பினேன். எனக்குத் தினமும் எழுந்ததும் அதுதான் முதல் வேலை. பச்சையா இருந்தா, சரி, அப்பா எழுந்துட்டார், நல்லா இருக்கார்னு வேலைக்குக் கிளம்பிடுவேன். முன்னெல்லாம் தினமும் பேசுவோம். பச்சை வந்ததுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு தடவைதான். எனக்கு அது அப்பா குட் மார்னிங் சொல்ற மாதிரி."

துண்டைக் கவுண்டர் மேல் வைத்தேன். 

"தப்பு கம்ப்யூட்டர் மேல இல்லம்மா," என்றேன். "நான்தான் அழுத்தினேன். புதனும் வியாழனும். கீழ கேட்டுல நின்னு, இந்தத் துண்டைப் பாத்துட்டு அழுத்தினேன்."

அவளுக்கு உடனே புரியவில்லை. துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டி வலியைச் சொன்னேன், அது எனக்கே சாக்குப்போக்காகக் கேட்டது. துண்டு பறந்ததைச் சொன்னேன். டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும், அதை நான் திரும்பச் சொல்லவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் வாடிக்கையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"அஞ்சு மாசம். லிஃப்ட் நின்னதிலேருந்து."

"அதுக்கு முன்னாடி?"

"தினமும் மேல போய், பாத்துட்டு, நான்தான் அழுத்துவேன். அவர் அழுத்த மாட்டார்."

"அப்போ நான் பாத்ததுல அப்பா போட்டது எதுவுமே இல்லையா?"

என் உயிரைக் கேட்டாலும் கொடுத்திருப்பேன். அவள் கேட்டது இது. "மூணு இருக்கும்மா," என்றேன். எந்த மாதம், எந்தத் தேதி என்று சொன்னேன். அவள் போனை எடுத்துத் தாளைத் திறந்து விரலால் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். நான் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றேன். பச்சை, பச்சை, பச்சை. எல்லாம் எட்டேகால், எட்டுப் பதினாறு, எட்டுப் பதினாலு. எல்லாம் நான்.

"இதுவா?"

"இதுதான். பக்கத்துல ரெண்டும்."

"இந்த மூணு நாள் மட்டும் ஏன் போட்டார்?"

"நான் ஊர்ல இல்ல," என்று சொல்ல ஆரம்பித்தேன். அப்போதுதான் நேரத்தைக் கவனித்தேன். அன்று ஆபரேஷன் பதற்றத்தில் நிறத்தைத்தான் பார்த்தேனே தவிர நேரத்தைப் பார்க்கவில்லை. எட்டு ஐம்பத்தைந்து. எட்டு ஐம்பத்தாறு. எட்டு ஐம்பத்தைந்து. எட்டேகாலுக்கு நான் வரவில்லை என்று பார்த்திருக்கிறார். ஒன்பது அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்வரை பொறுத்திருக்கிறார், மூன்று நாளும். அதற்குப் பிறகு, அங்கே மகள் பயந்துவிடக் கூடாது என்று அழுத்தியிருக்கிறார். 

"காத்திருந்திருக்கார்," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

 "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா, கம்ப்யூட்டர்காரங்ககிட்ட?" என்று போனைப் பார்த்தபடியே கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, அவள் முன்னாலேயே மருமகளுக்குப் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். தப்பு உன் கம்ப்யூட்டர்ல இல்லம்மா, புதனும் வியாழனும் பச்சை நான் போட்டது, பாக்காம போட்டது, அன்னைக்கு உன்கிட்ட பொய் சொன்னேன், எல்லார் முன்னாலயும் சொல்றேன், தாளை மட்டும் நிறுத்திடாதே. இரண்டு நிமிடத்தில் மருமகள் கூப்பிட்டாள். கவுண்டர் மேல் போன் அதிர்ந்து அதிர்ந்து, விரித்துக் கிடந்த துண்டின் ஓரம்வரை நகர்ந்து போய் நின்றது. எடுக்கத் தெம்பில்லை.

ஸ்டீம் பெட்டி சூடேறிச் சத்தம் போட்டது. முதலாளி வரும் நேரம். அவள் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. கையில் போன். திரையில் அந்த மூன்று கட்டங்களைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை திரை மங்கும். அணைந்துவிடாமல் இருக்க, பெருவிரலால் ஒரு கட்டத்தை மெதுவாகத் தொடுவாள். மறுபடி மங்கும், மறுபடி தொடுவாள். பிள்ளைகளுக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. அவள் எத்தனை தடவை தொட்டாலும் அந்தத் தாளில் எதுவும் மாறாது.